மாயாண்டிக்கு ஒரு ஹெல்மெட்

நான் ஸ்டென்சில் தாளில் பெற்றெடுத்த வில்லன் ஒருவன் இன்று நெய்வேலியில் பர்மனென்ட் ஊழியன். அவனுக்கு டோக்கன் நம்பர் உண்டு, யூனிஃபார்ம் உண்டு, கேன்டீனில் போய் உட்கார்ந்தால் வடை தானாக வரும். உலகத்தில் எத்தனையோ பேர் சித்திரக்கதை எழுதியிருக்கிறார்கள். தன் வில்லனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கதையின் முக்கால் பாகத்தை ஏழு வருடமாகச் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள், ஒருவரைத் தவிர. ஆட்களின் வருகையும் கேட் பாஸும் எழுதுகிற டைம் ஆபீஸில் கிளார்க், சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரர். சூரியன் உதித்துவிட்டது என்று சொன்னால் ஆர்டர் காப்பி எங்கே என்று கேட்பவர். நான் வாயைத் திறந்ததுமே, “கருணாகரன் அளக்கப் போறாரு, ஆளுக்கு ஒரு முழக்கோலை எடுத்துக்கிடுங்க” என்பார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் நாற்பது பேரைச் சேர்த்து வைத்தால், அவர் வந்து ஐந்து நிமிடத்தில் முப்பத்தெட்டு பேரைக் கலைத்துவிடுவார். மீதி இரண்டு பேர் டீக்கடைக்காரரும் நானும்.

1982-ஆம் வருடம். பாதுகாப்பு வாரம் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தோரு வாரம் அவசர அவசரமாக வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் நிதானமாக வேலை செய்வதற்குப் பாதுகாப்பு வாரம் என்று பெயர். சுரங்கத்தில் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் போட்டி நடக்கும். போஸ்டர், கோஷம், நாடகம் என்று ஆளாளுக்கு ஒன்று வைப்பார்கள். வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வந்து பார்த்துக் கோப்பை கொடுப்பார். முந்தின வருடம் நாங்கள் பாதுகாப்பைப் பற்றி நாடகம் போட்டோம். இரண்டாவது காட்சியில் மேடை சரிந்து விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நடுவரின் மூக்குக்கண்ணாடியை மூன்று நாள் தேடினோம். அது கரி கொண்டுபோகிற பெல்ட்டில் ஏறி அனல்மின் நிலையம் வரை போய்விட்டதாகப் பேச்சு.

அதனால் இந்த வருடம் காகிதம் போதும் என்று முடிவு செய்தார் நல்லசாமி. அவர்தான் எங்கள் செக்‌ஷனின் அசிஸ்டென்ட் இன்ஜினியர், பாதுகாப்புக் கமிட்டியின் தலைவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய ஹெல்மெட் பளபளப்பில் பறக்கிற கொக்குகள் நின்று முகம் பார்த்துக்கொண்டு போகும். “சித்திரக்கதை போடலாமுங்க. சரிஞ்சாலும் யாருக்கும் அடிபடாது” என்றார்.

கமிட்டியில் நாங்கள் மூன்று பேர். நல்லசாமி, ஃபிட்டர் வேலுமணி, பெல்ட் செக்‌ஷன் சார்ஜ்மேனான நான். கதையில் யாரை வீரர்களாகப் போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தோம். எங்களுக்கு எங்களை விட்டால் வேறு யாரையும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. ஆகவே நல்லசாமி ஹெல்மெட் வேந்தன் ஆனார். வேலுமணி பூட்ஸ் பூபதி. நான் விசில் வீரன். மூன்று பேருக்கும் தோளில் போர்வை பறக்கும். ‘அபாயம் அகற்றும் மூவர்’ என்று தலைப்பு வைத்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

படம் போடத் தனகோட்டி கிடைத்தான். பக்கத்தில் வடக்குத்துக் கிராமத்து ஆள், கான்ட்ராக்டில் பெயின்டர். சுரங்கத்துக்குள் ‘அபாயம்’ என்று எழுதி மண்டையோடு போட்ட பலகைகளெல்லாம் அவன் கைவேலை. அவன் போட்ட மண்டையோட்டைப் பார்த்த ஒரு லாரி, திரும்பக்கூட நேரமில்லாமல் ரிவர்ஸிலேயே விருத்தாசலம் போய்ச் சேர்ந்தது.

தனகோட்டிக்கு வாழ்க்கையில் ஒரே கவலை, கேட் பாஸ். கான்ட்ராக்ட் ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அதுவரை உழைத்த வருடமெல்லாம் போச்சு, மறுபடி புது ஆள். விடாமல் தொடர்ந்தால் என்றைக்காவது பர்மனென்ட் லிஸ்டில் பெயர் வரும். ஐந்து வருடமாக ஒரு நாள் விடாமல் அந்தப் பாஸைக் காப்பாற்றி வந்தான். தன் கல்யாணத்தன்றுகூட ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து, சங்கு ஊதி, சைக்கிளில் போய்த்தான் தாலி கட்டினான். அதுவரை செங்கமலம் மணையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாளாம்.

ரிக்ரியேஷன் கிளப்பில் கதை எழுத உட்கார்ந்தோம். பாதுகாப்புக் கதை என்றால் ஒரு விபத்து வேண்டும். பெல்ட்டிலிருந்து கரிக்கட்டி ஒன்று தெறித்து விழுகிறது என்று வைத்துக்கொண்டோம். இனி விபத்துக்குக் காரணம் யார் என்று எழுத வேண்டும். இங்கேதான் எங்கள் பழக்கம் எங்களை மாட்டிவிட்டது. எங்களுக்குக் கதை எழுதத் தெரியாது, விபத்து விசாரணை எழுதத்தான் தெரியும். காரணம் ஆபரேட்டர் என்றால் யூனியன் வரும். சார்ஜ்மேன் என்று வேலுமணி சொன்னபோது நான் அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய டீ ஆறிவிட்டது. அதிகாரி என்ற சொல்லையே நல்லசாமி முன்னால் யாரும் சொல்லவில்லை. கடைசியில் மூவரும் ஒரே குரலில், காரணம் ஒரு கான்ட்ராக்ட் ஆள் என்று முடிவு செய்தோம். மாயாண்டி என்று பெயர் வைத்தோம்.

சரி, கட்டி விழுந்தபோது மாயாண்டி ஏன் ஹெல்மெட் போடவில்லை? ஹெல்மெட் வேந்தன் எவ்வளவு கண்டிப்பானவர் என்று காட்ட நல்லசாமியே ஒரு காட்சி சொன்னார். மாயாண்டி தலையில் ஒரு பழைய ஹெல்மெட் இருக்கிறது. வேந்தன் பறந்து வந்து, “இது ஸ்டோர்ஸில் உன் பெயருக்கு வழங்கப்பட்டதா?” என்று கேட்டு, கழற்றிக்கொண்டு போகிறார். அடுத்த கட்டத்தில் கட்டி விழுகிறது.

“அப்ப ஆளு செத்துட்டானா சார்?” என்று கேட்டான் தனகோட்டி.

நல்லசாமிக்கு வியர்த்துவிட்டது. பாதுகாப்பு வாரத்தில் சாவா? படத்தில்கூட ஆகாது. உயிரிழப்பு பூஜ்யம் என்பதுதான் அந்த வருடத்துக் கோஷம். ஆகவே மாயாண்டி சாகவில்லை. அடிபட்ட தலை இரும்பாகிவிட்டது. கண் சிவந்து எழுந்து நின்றான். எங்கள் முதல் இதழ் முடிந்தது. ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி தின்றோம். ஒரு வில்லனைச் செய்துவிட்டோம் என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது இதழில் இரும்புத்தலை மாயாண்டியை எச்சரிக்க விசில் வீரனான நான் புறப்பட்டேன். என் பெருமைக்காக விசிலை அவன் காதருகே கொண்டுபோய் நான்கு பக்கத்துக்கு ஊதினேன். மாயாண்டியின் செவிப்பறை போய்விட்டது. இனி யார் என்ன உத்தரவு போட்டாலும் அவன் காதில் ஏறாது. ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்கு அதைவிடப் பெரிய மந்திர சக்தி உண்டா? மூன்றாவது இதழில் மூவருமாகச் சேர்ந்து அவனைப் பிடித்து, கரிக்கு மேலே வெட்டியெடுத்த மண்ணோடு மண்ணாக பெல்ட்டில் போட்டு, மண்மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினோம். நெய்வேலி மண்மேட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள், இமயமலை அதைப் பார்த்துத்தான் பனியால் முகத்தை மூடிக்கொண்டது. மண்ணைத் தின்று மாயாண்டி அந்த மேட்டளவுக்கு வளர்ந்துவிட்டான். கொல்லவும் முடியாது, பூஜ்யம் கெட்டுவிடும்.

வசனமெல்லாம் நல்லசாமி எழுதியது. ஆனால் ஒவ்வொரு இதழின் கடைசிக் கட்டமும் காலியாக இருந்தது. அதைத் தனகோட்டி தானாகவே நிரப்பினான். மாயாண்டி நம்மைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு, “ஒரு ஹெல்மெட் குடுங்க சார்” என்று கேட்பான். மலையளவு வளர்ந்த பிறகும் அதையேதான் கேட்டான். ‘சார்’ போட்டுப் பேசிய வில்லன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சைக்ளோஸ்டைலில் நூற்றிருபது பிரதி எடுத்துக் கம்பெனி பஸ்களில் சீட்டுக்கு ஒன்றாகப் போட்டோம். படித்தவர்கள் அறுபதாயிரம் பேர். ஒன்பதாவது பிளாக்கில் ஒரு பசுமாடு மூன்றாவது இதழைத் தின்றுவிட்டு, ஹெல்மெட் போடாமல் பால் கறக்க வந்தவரை உதைத்தது. மூவருக்கும் பெரிய பெயர் வரும் என்று பார்த்தால், ஊர் முழுக்க மாயாண்டி பேச்சு. பஸ்ஸில் இடம் கேட்பவன் “ஒரு ஹெல்மெட் குடுங்க சார்” என்றான். லீவு கேட்பவனும் அதையே சொன்னான். நல்லசாமி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசம் வேண்டுமா என்று கேட்க வந்த அவர் மனைவி சுப்புலட்சுமி, கரண்டியை நீட்டிக்கொண்டு, குரலை மாற்றி அதே வசனத்தைச் சொல்லிவிட்டார். நல்லசாமி சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை சொன்னார். மாதக் கடைசியில் எல்லோருடைய பாஸும் புதுப்பிக்கப்பட்டது, தனகோட்டியுடையதைத் தவிர.

பகல் இரண்டு மணிக்கு என் குவார்ட்டர்ஸுக்கு வந்து பலாமரத்தடியில் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அந்த ஆள நான் கெட்டவனா போடவே இல்ல சார்” என்றான். “நீங்க மூணு பேரும் சொல்லிகினு இருந்தீங்க, நான் போட்டுகினு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீங்கதான் அவன ஏதாச்சும் பண்றீங்க. அவன் என்னாதான் பண்ணுவான்?”

நான் நல்லசாமியிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. நாலு பக்கத்துக்கு விசில் ஊதியவனுக்கு அன்றைக்கு மூச்சு வரவில்லை. ஐந்து வருடப் பாஸ் அறுந்து ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் ஆனது. தனகோட்டி தினமும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியதும் திரும்பிப் போனான்.

நான்காவது இதழில் மாயாண்டியே கூடாது என்று உத்தரவாகிவிட்டது. படம் வேலுமணி போட்டார். அவர் போட்ட ஆட்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தார்கள். வில்லன் இல்லாததால் மூவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. எட்டுப் பக்கமும் ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றோம்.

போட்டி நாள் வந்தது. சித்திரக்கதை என்றால் பள்ளிக்கூடச் சமாசாரம் என்று எண்ணி, கடலூரிலிருந்து ஜானகியம்மாள் என்ற ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸை நடுவராக அழைத்திருந்தார்கள். சிவப்பு மைப் பேனாவோடு வந்தார். நான்கு இதழையும் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி, ஒரு வரி விடாமல் படித்தார். நல்லசாமி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். நாலு இதழ் முடிகிறவரை வெளியே விடவில்லை.

“நாலாவதுல அவர் எங்க?” என்று கேட்டார் அம்மையார்.

“யாருங்க?”

“மாயாண்டி.”

வெளியே அனுப்பிவிட்டதாக நல்லசாமி சொன்னார். அம்மையார் இதழ்களைத் திருப்பி, ஹெல்மெட்டைக் கழற்றியது யார், காதைக் கெடுத்தது யார், மலையில் தள்ளியது யார் என்று ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துக் கேட்டார். நாங்கள் மூவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி, நாங்கள், நாங்கள், நாங்கள் என்றோம்.

“அப்ப மூணு பேரும் சேர்ந்து ஒரு ஆளைக் கெடுத்து, அவன்கிட்டருந்து ஊரைக் காப்பாத்தியிருக்கீங்க. ஒரு ஹெல்மெட்ட அன்னைக்கே குடுத்திருந்தா கதை ரெண்டு பக்கத்துல முடிஞ்சிருக்குமே” என்றார். பிறகு, கருத்து எழுத நோட்டுப் புத்தகம் கேட்டார்.

பார்வையாளர் நோட்டு வைக்க நாங்கள் மறந்துவிட்டோம். மேஜையில் கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றுதான் கிடந்தது. பதற்றத்தில் நல்லசாமி அதைத் திறந்து தள்ளினார். அம்மையார் சிவப்பு மையில் மணிமணியாக எழுதினார்: “மாயாண்டி என்பவருக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் வழங்காததே எல்லா விபத்துக்கும் காரணம். அவருக்கு உடனே ஒரு ஹெல்மெட்டும் ஒரு ஜோடி பூட்ஸும் தரப்பட வேண்டும். அவரை வெளியே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இன்னும் பெரிதாகத் திரும்பி வருவார்.” தேதி போட்டுக் கையெழுத்திட்டு, எங்களுக்கே முதல் பரிசையும் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டார்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றபோதுதான் வேலுமணி அந்தப் புத்தகத்தின் அட்டையைப் படித்தார். ஃபோட்டோவில் மூவருக்கும் வாய் திறந்திருக்கும். அது இன்ஸ்பெக்‌ஷன் புத்தகம்.

சுரங்கத்தில் இன்ஸ்பெக்‌ஷன் புத்தகம் என்றால் விளையாட்டில்லை. பக்க எண் அச்சடித்தது, கிழிக்க முடியாது. எழுதியதை அடிக்கவும் கூடாது. அதில் ஒரு வரி ஏறிவிட்டால், அதற்குப் பக்கத்திலேயே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஆதாரத்தோடு எழுதியாக வேண்டும். மேலிடத்து ஆய்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. மாயாண்டி என்று யாரும் இல்லை, அது சித்திரம் என்று எழுதலாம்தான். சித்திரக்கதை நடுவரிடம் இந்தப் புத்தகத்தை ஏன் நீட்டினாய் என்று அடுத்த கேள்வி வரும்.  நல்லசாமி பளபள ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டே டைம் ஆபீஸுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

சங்கரலிங்கம் புத்தகத்தைப் படித்தார். மறுபடி படித்தார். ஆட்கள் பட்டியல் முழுவதையும் புரட்டினார். “இப்படி ஒரு ஆளே கிடையாது சார். இல்லாத ஆளுக்கு எந்தத் தலையில ஹெல்மெட்டை வைக்கது?” என்றார்.

அப்போதுதான் என் விசிலுக்கு மூச்சு வந்தது. மூன்றாவது இதழை எடுத்து மேஜையில் விரித்தேன். மண்மேட்டின் மேலே நிற்கிற முகத்தைப் பாருங்கள் என்றேன். பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டைக் காட்டினேன். ஏழாவது நாளாகத் தனகோட்டி வெளியே நின்றுகொண்டிருந்தான். வில்லனுக்கு மாதிரி தேடியபோது, உன்னையே பார்த்துப் போட்டுக்கொள், கான்ட்ராக்ட் ஆள் மாதிரி இருந்தால் போதும் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். மூக்கு முதற்கொண்டு அதே முகம். நல்லசாமி படத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பத்து வருட வயது குறைந்துவிட்டது அவருக்கு.

சங்கரலிங்கம் மட்டும் தலையை ஆட்டவில்லை. இதெல்லாம் ஆகாது, நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு பேரும் வெளியே போங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தனகோட்டி உள்ளே வந்தான். கையில் பாஸ். அறுந்துபோன ஏழு நாளும் அறுபடாமல், பழைய தேதியிலிருந்தே தொடர்ந்தது. பெயர் இருக்கிற இடத்தில் ‘தனகோட்டி என்கிற மாயாண்டி’ என்று இருந்தது. நல்லசாமி கமிட்டி முன்னிலையில் ஹெல்மெட்டைத் தன் கையாலேயே அவன் தலையில் வைத்தார். நான் பூட்ஸ் கொடுத்தேன். இல்லாத ஒருவனை இருக்கச் செய்த மூவரும் கைதட்டினோம். செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு வந்தவர், சிவப்பு மையைப் படித்து, ஹெல்மெட்டோடு நின்ற ஆளைப் பார்த்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் பாஸை யார் எழுதியது என்று மட்டும் தெரியவில்லை. டைம் ஆபீஸில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் கேட்டால், பாஸ் எழுதினது யார் என்று தெரியாது, அந்த ஆளுக்குக் குலதெய்வத்தின் பெயராக இருக்கும், சித்திரக்கதையாவது ஹெட்மிஸ்ட்ரஸாவது, எல்லாம் கருணாகரன் கட்டிவிட்டது என்பார். நான் ஒரு பெரிய கூட்டத்தில் சொன்னால் அதைவிடப் பெரிய கூட்டத்தில் மறுப்பார். ரிடையர் ஆன பிறகும் விடவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் ஆரம்பித்ததும், சாம்பார் வாளியைத் தாண்டி ஓடி வந்து மறுத்த மனுஷன். எனக்கு ஒரே எரிச்சல். பொய் சொல்லும்போதெல்லாம் நம்புகிற ஊர், உண்மை சொன்ன ஒரே ஒரு தடவை இவரால் சிரிக்கிறதே என்று.

இந்த வருடம் 1989 சித்திரை. டீக்கடையில் இருந்தோம். தனகோட்டி சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான். மீசை நரைத்துவிட்டது. ஒரு கையில் லட்டுப் பொட்டலம், மறு கையில் ஒரு கவர். எனக்கு முன்னால் சங்கரலிங்கத்திடம்தான் நீட்டினான்.

“ஆர்டர் வந்துடுச்சிங்க” என்றான். “ஒண்ணாந்தேதிலேருந்து பர்மனென்ட். பன்னெண்டு வருசமும் சேத்துகினாங்க.”

சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை. பெயர் அப்படியே இருந்தது. தனகோட்டி என்கிற மாயாண்டி. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இனி யாரும் இதை அசைக்க முடியாதே என்று அவனிடம் இரண்டு தடவை கேட்டார். முடியாது என்று அவன் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் ஐந்நூறு என்றுதான் சொல்வேன். அவர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

“கருணாகரன் சொன்னதுல ஒரு எழுத்து பொய்யில்ல. அந்தப் படம், அந்த அம்மா, அந்தச் செவப்பு மை, எல்லாம் நடந்ததுதான். பாஸை எழுதினது நான்தான்.”

நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“என்னவே பாக்கீரு? நீரு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கிட்டுத் திரியுதீரு. எவனாவது ஒருத்தன் நம்பி, ஃபைலை எடுத்து அந்த ஏழு நாளைத் தோண்டிப் பாத்திருந்தாம்னா இவன் பன்னெண்டு வருசமும் போயிருக்கும்லா. உம்மை நம்பாம பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்ல வே.”